மிளகு தெரிகிறது, சீரகம் தெரியவில்லை

2020ஆம் ஆண்டு கோடையில் தமிழ்நாட்டில் கபசுரக் குடிநீர் குடிக்காத வீடு குறைவு. அரசு கொடுத்தது, தன்னார்வலர்கள் கொடுத்தார்கள், நாட்டுமருந்துக் கடைகளில் அந்தப் பொடிக்கு ஆள் காத்து நின்றது. அந்தக் கஷாயம் நோயைத் தடுத்ததா என்பது இந்த அத்தியாயத்தின் கேள்வி அல்ல. அதில் சேரும் பதினைந்து சரக்குகளை வேறொரு கண்ணோடு பார்க்கப்போகிறோம். நிலவேம்பும் சீந்திலும் ஆடாதோடையும் நாக்கில் கசக்கும். இலவங்கமும் கற்பூரவல்லியும் மணக்கும். சுக்கும் திப்பிலியும் தொண்டையைச் சுடும். அக்கரகாரம் இன்னும் விசேஷமானது: வாயில் பட்டதும் நாக்கு விறுவிறுக்கும், எச்சில் பெருகும், கொஞ்ச நேரம் மரத்தும் போகும்.

கசப்பு, மணம், உறைப்பு ஆகிய மூன்றையும் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு நாம் ‘கஷாய ருசி’ என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறோம். ஆனால் உடலுக்குள் இவை மூன்றும் தனித்தனிப் புலன்கள். தனித்தனி உயிரணுக்கள் இவற்றை உணர்கின்றன, தனித்தனி நரம்புகள் மூளைக்குக் கொண்டுபோகின்றன. வைரஸ் காய்ச்சல் வந்தவர் “வாய்க்கு ருசியே இல்லை” என்று சொல்லும்போது, இந்த மூன்றில் எது போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று கொரோனா கற்றுக்கொடுத்தது.

அஞ்சறைப்பெட்டியைத் திறந்து ஒரு சிட்டிகை சீரகம் எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு அதை வாயில் போட்டு மெல்லுங்கள். பல்லில் நறநறக்கும், லேசாகக் கசக்கும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. வாயில் இருப்பது சீரகமா சோம்பா என்று கேட்டால் சொல்ல முடியாது. இப்போது விரலை எடுங்கள். அடுத்த மூச்சில் சீரகம் வந்துவிடும். மென்றபோது எழுந்த ஆவி, தொண்டையின் பின்வழியாக மேலேறி மூக்கின் கூரையைத் தொடுகிறது. அங்கே சில சதுர சென்டிமீட்டர் அகலமே உள்ள ஒரு சவ்வில் மோப்ப நரம்பணுக்கள் இருக்கின்றன. மனிதனிடம் சுமார் 400 வகை மோப்ப ஏற்பிகள் உண்டு. லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் 1991இல் இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தைக் கண்டறிந்து, அதற்காக 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். ரசத்தின் பெரும்பகுதி நாம் நினைப்பதுபோல நாக்கில் இல்லை. பெருங்காயம், கறிவேப்பிலை, கொத்தமல்லி, சீரகம் எல்லாமே அந்தக் கூரைச் சவ்வில்தான் ரசமாகின்றன. நாக்குக்கு மிஞ்சுவது புளியின் புளிப்பும் உப்பும்தான்.

அடுத்து ஒரு மிளகு. மூக்கைப் பிடித்தபடியே கடியுங்கள். மூக்கு அடைத்திருந்தாலும் அது சுடும். மிளகில் உள்ள பைப்பரினுக்கு மோப்ப நரம்பும் வேண்டாம், சுவை மொட்டும் வேண்டாம். வாய், மூக்கு, கண் மூன்றுக்கும் கிளை விரிக்கும் முக்கிளை நரம்பின் நுனிகளை அது தொடுகிறது. வெங்காயம் நறுக்கும்போது கண்ணில் நீர் வருவதும், சோடா குடிக்கும்போது மூக்கு சுருக்கென்பதும், புதினா குளிர்வதும் இதே நரம்பின் வேலை. மிளகாயின் காப்சைசினை வைத்துத் தேடிய டேவிட் ஜூலியஸ், 1997இல் அதற்கான ஏற்பியைக் கண்டுபிடித்தார். சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டுக்குத் திறக்கும் அதே ஏற்பிதான் மிளகாய்க்கும் திறக்கிறது. மிளகும் இஞ்சியும் அதைத்தான் தூண்டுகின்றன. இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதன் ஜிஞ்சரால் ஷோகாலாக மாறுகிறது, காரம் கூடுகிறது. ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் அறுசுவைக் கணக்கில் உறைப்பும் ஒரு சுவை. நரம்பியல் கணக்கில் அது சூடும் வலியும் சேர்ந்த ஓர் எச்சரிக்கை. இரண்டு கணக்கும் தத்தம் இடத்தில் சரி. ஆனால் நோயாளியைப் பார்க்கும்போது இரண்டாவது கணக்குத்தான் உதவும்.

இனி 2020க்கு வருவோம். அந்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே பிரிட்டனின் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் எச்சரித்தார்கள்: காய்ச்சலும் இருமலும் இல்லாமல், திடீரென்று வாசனை மட்டும் போனவர்கள் வருகிறார்கள், இவர்களுக்குக் கொரோனா இருக்கலாம் என்று. உலகம் அதை ஏற்கச் சில வாரங்கள் ஆயின. நம் நாட்டில் ஜூன் மாதமே வந்துவிட்டது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு உரிய நாளில், ஜூன் 12 அன்று, மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறக்கப்பட்டது. மறுநாள், ஜூன் 13 அன்று, மத்திய சுகாதார அமைச்சகம் மணமும் சுவையும் போவதைக் கொரோனா அறிகுறிகளின் பட்டியலில் சேர்த்தது.

காவிரி டெல்டாக்காரருக்கு இந்த இரண்டு செய்தியும் ஒரே வாரத்துச் செய்திகள். கல்லணை ஜூன் 16 அன்று திறந்தது. வெண்ணாற்றில் இறங்கும் தண்ணீர் நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிந்து போகிறது. காய்ந்து வெடித்த வயலில் முதல் தண்ணீர் பாயும்போது ஒரு மண்வாசனை எழும். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளின் மணம் அது. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். குறுவைக்கு நாற்றங்கால் தயார் செய்கிற அந்த வாரத்தில் வயலில் நின்றுகொண்டு மண்வாசனை தெரியாமல் போனவருக்கு, அது ஒரு நோயின் முதல் அடையாளம் என்று சொல்ல ஆள் இருந்திருக்க வேண்டும். வெப்பமானி எங்கும் நெற்றியில் நீட்டப்பட்டது. “வாசனை தெரிகிறதா?” என்ற கேள்விக்குச் செலவே இல்லை, அதைக் கேட்டவர்கள்தான் குறைவு.

கேட்டிருந்தாலும் போதாது என்று காட்டியது புனேயில் நடந்த ஓர் ஆய்வு. அங்குள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் நிக்சன் ஆபிரகாம் குழு, பி.ஜே. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவர்களோடு சேர்ந்து, அளந்து மணம் செலுத்தும் கருவி ஒன்றை அமைத்து, அறிகுறியே இல்லாத தொற்றாளர்களைச் சோதித்தது. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் மோப்பத்தில் குறை இருந்தது. தனக்குக் குறை இருக்கிறது என்று தானாக உணர்ந்தவர்களோ மிகச் சிலர். அந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. மூக்கு பாதி மங்கினாலும் மனிதன் அதைக் கவனிப்பதில்லை. கண் பாதி மங்கினால் யாரும் சும்மா இருக்க மாட்டோம்.

அதே ஆண்டு பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி ஒரு பெரிய கேள்விப்பட்டியலைப் பல மொழிகளில் சுற்றுக்கு விட்டார்கள். மணம், சுவை, உறைப்பு மூன்றையும் தனித்தனியாகக் கேட்டதுதான் அதன் சிறப்பு. கொரோனா வந்த 4,039 பேரின் பதில்களை முதலில் தொகுத்தார்கள். நோய்க்கு முன்பும் நோயின்போதும் தம் திறன் எவ்வளவு என்று 0 முதல் 100 வரையான அளவில் ஒவ்வொருவரும் குறித்திருந்தார்கள். மணம் சராசரியாக 80 புள்ளி சரிந்திருந்தது. சுவை 69. மிளகாய்க் காரம், புதினாக் குளிர்ச்சி போன்றவற்றை உணரும் திறன் 37. மூக்கடைப்பு இதற்குக் காரணமாகத் தெரியவில்லை. சாதாரண ஜலதோஷத்தில் காற்று மேலே போகாததால் பெரும்பாலும் மணம் மங்குகிறது. இங்கே காற்று தாராளமாகப் போகிறது, மணம் மட்டும் இல்லை.

வைரஸ் அங்கே என்ன செய்தது? மோப்ப நரம்பணுக்களையே தாக்கியிருக்கும் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். ஹார்வர்டின் சந்தீப் ராபர்ட் தத்தாவின் குழு 2020 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு வேறு திசையைக் காட்டியது. வைரஸ் உள்ளே நுழையப் பிடித்துக்கொள்ளும் ஏ.சி.இ.2 என்ற புரதம் நரம்பணுக்களில் இல்லை. நரம்பணுக்களுக்கு ஊட்டமும் உப்புச் சமநிலையும் தந்து, சுற்றிலும் நின்று தாங்கும் துணை அணுக்களில்தான் இருக்கிறது. நாற்றை யாரும் பிடுங்கவில்லை, நாற்றங்காலில் தண்ணீர் வற்றிவிட்டது. நாற்று நின்ற இடத்திலேயே துவள்கிறது. 2022இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு இன்னொரு படி மேலே போனது. தொற்று கண்ட ஹாம்ஸ்டர்களிலும், இறந்துபோன நோயாளிகளின் திசுக்களிலும், வைரஸ் நுழையாத மோப்ப நரம்பணுக்களின் உட்கருவில்கூட மரபணுக்களின் அடுக்கு கலைந்திருந்தது. பக்கத்து அணுக்கள் வெளியிட்ட அழற்சிச் சைகைகளே அதற்குக் காரணம் என்று தெரிந்தது. ஏற்பிகளைச் செய்யும் மரபணுக்கள் ஓய்ந்துபோனால் நரம்பு உயிரோடு இருந்தும் பயனில்லை.

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் மணம் திரும்பியதற்கும் நரம்பு உயிரோடு இருந்ததே காரணம். துணை அணுக்கள் வேகமாக மீண்டும் வளர்கின்றன. மோப்ப நரம்பணுக்களும்கூட அடிச் சவ்வில் உள்ள தண்டு அணுக்களிலிருந்து வாழ்நாள் முழுக்கப் புதிதாக முளைக்கின்றன. நரம்பு மண்டலத்தில் அரிதான ஒரு சலுகை இது. திரும்பாமலே போனவர்களின் மூக்கிலிருந்து திசு எடுத்துப் பார்த்த டியூக் பல்கலைக்கழகக் குழு, வைரஸ் போய் மாதங்கள் ஆன பிறகும் அங்கே டி அணுக்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் முகாமிட்டிருப்பதை 2022 டிசம்பரில் எழுதியது. பிந்தைய உருமாறிய வைரஸ்கள் இந்த விஷயத்தில் சற்றுக் கருணை காட்டின. பிரிட்டனில் டெல்டா வகை பரவிய காலத்தில் தொற்றாளர்களில் 52.7 சதவீதம் பேருக்கு மோப்பம் போனது. ஓமிக்ரான் காலத்தில் அது 16.7 ஆகக் குறைந்தது.

சுவையின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். “ருசி போச்சு” என்றவர்களில் பலருக்கு உண்மையில் போனது மணம்தான் என்று மருத்துவர்கள் ஆரம்பத்தில் சொல்லிவந்தார்கள். அது பாதி உண்மை. சர்க்கரை, உப்பு, புளிப்பு, கசப்பு ஆகியவற்றை நாக்கில் வைத்துச் சோதித்தபோது சுவையே தனியாகக் குறைந்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். இனிப்பையும் கசப்பையும் உணரும் சுவை அணுக்களில் அந்த வைரஸ் நுழைய முடியும் என்பதும் தெரியவந்தது. சுவை அணுக்களின் ஆயுள் சுமார் பத்து நாள்தான். பழையன விழ, புதியன வர வேண்டும். காய்ச்சலில் இந்தச் சுழற்சியே குலைகிறது.

டெங்குவோ, 2006இல் தமிழகத்தையே முடக்கிப்போட்ட சிக்குன்குனியாவோ, எந்த வைரஸ் காய்ச்சலானாலும் நம் வீடுகளில் கேட்கும் முதல் புகார் “வாயெல்லாம் கசக்குது”. அது வெறும் மனக்குறை என்று தள்ளக் கூடாது. பிலடெல்பியாவின் மோனெல் மையத்தில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், அழற்சியின்போது உடல் சுரக்கும் இன்டர்பெரானும் டி.என்.எஃப். என்ற புரதமும் சுவை மொட்டுகளிலேயே வேலை செய்வது தெரிந்தது. டி.என்.எஃப். இல்லாமல் பிறந்த எலிகளுக்குக் கசப்பு குறைவாகவே தெரிந்தது. அழற்சி கசப்பைத் தூக்கிக் காட்டுகிறது என்பதே இதன் பொருள். கூடவே வாய் உலர்ந்து எச்சில் குறைகிறது, மாத்திரை கசக்கிறது. கஞ்சி வேண்டாம் என்று குழந்தை முகத்தைத் திருப்பினால் அது அடம் அல்ல. அதன் நாக்குக்கு அந்தக் கஞ்சி உண்மையிலேயே வேறாக இருக்கிறது.

உறைப்புதான் மூன்றிலும் உறுதியானது. 80, 69, 37 என்ற அந்த வரிசையை இன்னொரு முறை பாருங்கள். மற்றவை சரிந்த பிறகும் முக்கிளை நரம்பு ஓரளவு பேசிக்கொண்டிருக்கிறது. காய்ச்சல்காரருக்கு நம் வீடுகளில் மிளகு ரசம், கண்டந்திப்பிலி ரசம், சுக்குக் கஷாயம் என்று வைக்கும் வழக்கத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். மிளகாய் போர்த்துக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில்தான் இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த காரம் மிளகும் திப்பிலியும் சுக்கும்தான். நோய்ப் படுக்கைச் சமையலில் இன்றும் அந்தப் பழைய காரமே ஆள்கிறது. மணம் போய் நாக்கும் மங்கிய ஒருவர் சாப்பாட்டை ‘உணர’ மிஞ்சியிருக்கும் வழி அது. சூடும் உறைப்பும் எச்சிலைச் சுரக்கச் செய்கின்றன, நாலு வாய் சோறு உள்ளே போகிறது. இதற்கு மேல் அதற்குப் பெருமை சேர்க்க வேண்டியதில்லை: மிளகு ரசம் மோப்பத்தைத் திருப்பித் தராது.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. 2021 மே மாதம் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது எத்தனையோ அடுப்படிகளில் நடந்த பேச்சு இது: “அத்தை, குழம்புல உப்பு உறைப்பு ஒண்ணுமே இல்லையே.” “நல்லாத்தான்மா போட்டிருக்கேன், உனக்குத்தான் தெரியல.” மருமகள் ஊறுகாய் ஜாடியை இழுத்து வைத்துக்கொள்வாள். பழைய சோற்றுக்கு ஒரு மோர் மிளகாய் இருந்த இடத்தில் நாலு வரும். மணம் இல்லாத குறையை உப்பும் காரமும் ஈடுகட்டப் பார்க்கின்றன. ரத்த அழுத்தம் இருக்கிற வீட்டில், நாலு மாதம் இப்படிச் சாப்பிடுவது சின்ன விஷயமல்ல.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. வாசனை வந்துவிட்டதா என்று பார்க்க நம் ஆட்கள் முதலில் எடுப்பது தலைவலித் தைலத்தை. மூக்கருகே வைத்ததும் சுருக்கென்று குளிரும். “எனக்கு வாசனை வருது” என்று முடிவு கட்டிவிடுவார்கள். அங்கே பதில் சொன்னது முக்கிளை நரம்பு. மென்தாலும் யூகலிப்டாலும் குளிர்ச்சி ஏற்பிகளைத் தூண்டுபவை, மோப்பம் அறவே போனவரும் அவற்றை உணர்வார். சோதிக்க வேண்டுமானால் சீரகமோ காபித்தூளோ மல்லிகையோ எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, எது என்று பெயர் சொல்லச் சொல்லுங்கள்.

காபி என்றதும் காவிரி டெல்டாவில் இன்னொரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது. போன மோப்பம் திரும்பும் வழியில் சிலருக்குக் கோணலாகத் திரும்பியது. ஃபில்டரில் இறங்கும் டிகாக்‌ஷன் கருகிய ரப்பராக, சாக்கடையாக நாறியது. தாளித்த பூண்டும் வெங்காயமும் குமட்டின. ரீடிங் பல்கலைக்கழகத்தின் ஜேன் பார்க்கர் குழு காபியின் ஆவியைக் கருவியால் கூறு கூறாகப் பிரித்து, இப்படிப்பட்டவர்களை ஒவ்வொன்றாக முகரச் செய்தது. அதிகம் பேரை விரட்டியது 2-ஃபுரான்மீத்தேன்தயால் என்ற கந்தகச் சேர்மம். வறுத்த காபிக்குக் காபி மணத்தைக் கொடுப்பதே அதுதான், அதுவும் மிக மிக நுண்ணிய அளவில். மூக்கு நலமாக இருப்பவருக்கு இனிமையான அதே மூலக்கூறு, புதிய நரம்பணுக்கள் அரைகுறையாக இணைந்த மூக்குக்கு அருவருப்பாகிறது. இவர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று வீட்டில் நினைத்தவர்கள் உண்டு. அதனால்தான் இந்த ஆய்வை முக்கியமாக நினைக்கிறேன். அவர்களுடைய அருவருப்புக்கு ஒரு மூலக்கூறின் பெயர் கிடைத்திருக்கிறது.

மருந்து என்று உறுதியாகச் சொல்ல இன்னும் ஒன்றுமில்லை. பயன் தரும் வாய்ப்புள்ள, தீங்கில்லாத வழி மோப்பப் பயிற்சி. ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மல் 2009இல் இதை ஆய்ந்து எழுதினார்: ரோஜா, எலுமிச்சை, இலவங்கம், யூகலிப்டஸ் என்ற நான்கு மணங்களைக் காலையும் மாலையும் சில விநாடிகள் வீதம் கவனத்தோடு முகர வேண்டும். பன்னிரண்டு வாரம். இந்த நான்கும் நீடாமங்கலம் கடைத்தெருவில் கிடைப்பவை: பூக்கடையில் பன்னீர் ரோஜா, மளிகைக் கடையில் இலவங்கம், காய்கறிக் கடையில் எலுமிச்சை, மருந்துக் கடையில் நீலகிரித் தைலம். முகரும்போது அந்த மணத்தை நினைவுக்குக் கொண்டுவர முயல வேண்டும். பலன் மெதுவாகத்தான் வரும், எல்லோருக்கும் வரும் என்றும் இல்லை.

மூக்குக்குள் எதையும் ஊற்றாதீர்கள். 1937இல் டொராண்டோவில் போலியோவைத் தடுக்கிறோம் என்று ஆயிரக்கணக்கான குழந்தைகளின் மூக்கில் துத்தநாக சல்பேட் தெளித்தார்கள். போலியோ நிற்கவில்லை, சில குழந்தைகளுக்கு மோப்பம் நிரந்தரமாகப் போனது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்தும் பாடம் முழுதாகப் பதியவில்லை. ஜலதோஷத்துக்கென்று விற்கப்பட்ட துத்தநாக மூக்கு மருந்துகளுக்கு எதிராக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இல் எச்சரிக்கை விட வேண்டியிருந்தது.

மோப்பம் போனவர் இருக்கும் வீட்டில் செய்ய வேண்டியவை சில. சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்றே எத்தில் மெர்காப்டான் கலக்கிறார்கள். மோப்பம் போனவர் தனியாகச் சமைக்கிறார் என்றால் சிலிண்டர் வால்வை இரவில் மூட வேறொருவர் பொறுப்பேற்க வேண்டும். புளித்துப்போன மாவையும் கெட்டுப்போன மீனையும் இன்னொருவர் மூக்கு பார்த்துச் சொல்ல வேண்டும். வயலுக்கு மருந்தடிக்கும் வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள். நெடி தெரியாதவருக்கு எப்போது விலக வேண்டும் என்றும் தெரியாது.

மூன்று நான்கு வாரம் ஆகியும் மணம் திரும்பவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே போய் ருசி இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். பூ மணக்கிறதா, புளி புளிக்கிறதா, மிளகு சுடுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டு, மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். எந்த நாளில் போயிற்று என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள்.